சில்வர் பெயிண்ட்

ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அம்மாவிடம் ஒரே பொய்யைச் சொல்லிவந்தேன். மலைமேல் இருக்கும் பழைய கல் குவாரிக்குப் போனேன், தங்கச்சி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், சிலுவைக்குச் சில்வர் பெயிண்ட் அடித்தேன் என்று தூத்துக்குடிக்குப் போன் செய்வேன். உண்மையில் போர்ட் பிளேரிலேயே இருக்கும் அப்பாவின் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தியாக ஏற்றிவிட்டு, மரைன் ஹில் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நான் சொல்ல, அம்மாவும் கேட்டுக்கொண்டாள்.

அப்பா அந்தக் குவாரியில் பாறைக்குத் துளை போடும் வேலை பார்த்தவர். தங்கச்சி இருபது நாள்தான் இருந்தாள். அடைமழையில் காய்ச்சல் கண்டது. கீழே கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. துளை போடும் இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து அப்பாவே சிலுவை செய்து நட்டார். குவாரியை மூடியபோது நான் போர்ட் பிளேரில் பள்ளி விடுதியில் இருந்தேன். அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை.

இந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. கல்லறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

கூட வருவதாகச் சொன்ன ஜீப்காரர், காலையில் மழையைப் பார்த்ததும் சாவியை மட்டும் கொடுத்தார். பெரிய ரோட்டை விட்டு மண்பாதை பிரியும் இடத்து டீக்கடைக்காரர், "ஊப்பர் கோயி நஹி ஹை, பையா" என்றார். மேலே யாருமில்லை என்பதை இந்தியில் வேறு கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கியரிலேயே ஏறவேண்டியிருந்தது. லாரிகள் போன பாதையை மழைத்தண்ணீர் நடுவில் பிளந்திருந்தது. செம்மண் சோப்பு மாதிரி வழுக்கியது. ஒரு வளைவில் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டியைத் திருப்பவும் இடமில்லை. அரைக் கிணறு தாண்டிய கதைதான். பக்கத்து இருக்கையில் பெயிண்ட் டப்பா உருண்டுகொண்டே வந்தது. பேச ஆளில்லாமல் அதைத் திட்டினேன்.

மேலே குவாரி ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளின் தகரமெல்லாம் போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. கல் எடுத்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மரம் என் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. ஜீப்பை நிறுத்தியதும் சத்தமே இல்லை. பயமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

கல்லறைகள் இருந்த இடத்தில் புதரை வெட்டி விலக்கினேன். சிலுவை இல்லை. சின்ன மேடுகள் மூன்று இருந்தன. எது அவள் என்று தெரியவில்லை. மூன்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். போட்டோ எடுக்கக் கை வரவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பாதி மலை இறங்கியதும் சிக்னல் வந்தது. போட்டோவுக்கு என்ன கதை கட்டலாம் என்று யோசித்தபடி போனை எடுத்தவன், அம்மாவின் குரல் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, குவாரிய மூடுனப்புறம் இன்னைக்குத்தான் மொத தடவையா மேல போனேன். சிலுவை இல்லம்மா."

"எப்படிய்யா இருக்கும்? அது கம்பெனி இரும்பு. குவாரிய மூடுன அன்னைக்கு ஒங்கப்பாவே புடுங்கி ஒப்படைச்சாரு."

இத்தனை வருஷமும் இல்லாத சிலுவைக்கு நான் பெயிண்ட் அடித்ததை அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன்.

"பொய் சொல்லவாவது வருஷத்துக்கு ஒரு நாள் அவள நெனைக்கியேன்னு இருந்தேன்."

அழுகையை அடக்க முடியவில்லை. அம்மா அதை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மேலே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.

"அப்பம் பிள்ள தனியாத்தான் கெடக்கா" என்றாள்.