படத்தில் நான் செத்த அன்று

முதலில் மாடலிங்தான். கோயமுத்தூர் சேலைக்கடை ஒன்றுக்குப் பட்டுடுத்தி நின்றேன். கிணத்துக்கடவில், மெயின்ரோட்டோரம், எங்கள் தோப்புக்கு எதிரிலேயே அந்தப் படத்தைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். நடிக்கச் சென்னைக்குப் போனதும் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. இரண்டு வருஷம் பேசவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் சின்னச் சின்ன வேஷங்கள். என் பேச்சில் கோயமுத்தூர் வாடை அடிக்கிறதென்று வேறொரு பெண்ணை வைத்து டப்பிங் பேசினார்கள். அதே ஸ்டுடியோவில் இன்னொரு நடிகைக்காக நான் ஒரு பாட்டுப் பாடினேன். ஆக, என் வாய்க்கு ஒருத்தி பேசினாள், இன்னொருத்தி வாய்க்கு நான் பாடினேன். யாருக்கும் இதில் குழப்பம் இருக்கவில்லை.

அப்புறம் ஒரு படத்தில் கதாநாயகனுக்குத் தங்கை. இடைவேளைக்கு முன்பே லாரி மோதிச் செத்துப்போவேன். மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, நாள் முழுக்கப் படுக்க வைத்து எடுத்தார்கள். மூச்சை அடக்குவதைவிடத் தும்மலை அடக்குவதுதான் கஷ்டம். இயக்குநர் “பிரமாதம்” என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

படம் வந்ததும் அம்மா பொள்ளாச்சித் தியேட்டருக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா.

“அம்மணி, எங்கிருக்கற?”

“ரூம்லதானுங்கப்பா.”

“நல்லாத்தான இருக்கற?”

“இருக்கேனுங்க.”

பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“படத்துல பேசுனது ஆரு?”

“அது வேற பொண்ணுங்க.”

“ஏன், உம்பட கொரலுக்கு என்ன கேடு?”

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. படம் அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்டுச் சமாளித்தேன்.

“இன்னும் ஓடுது. நீ செத்துப்போன, அப்பறம் என்னத்தப் பாக்கறது? வெளிய வந்துட்டோம்.”

மீதிப் படத்தில் என் சாவுக்கு அண்ணன் பழிவாங்குவான் என்றேன்.

“வாங்கிட்டுப் போறான். நீ ஊருக்கு வந்துபோட்டுப் போ.”

அந்த வாரமே போனேன். பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு நின்றிருந்தார். வழியெல்லாம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார்.

இன்றும் நடிக்கிறேன், பாடுகிறேன். பெரிய நடிகையாகவில்லை. நன்றாகச் சாகிறேன் என்று பேர் வாங்கிவிட்டதால் அப்படிப்பட்ட வேஷங்கள்தான் தேடி வருகின்றன. ஒத்துக்கொண்டதும் அப்பாவுக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

“இதுல எதுல சாகற?”

“காய்ச்சலுங்க.”

“செரி செரி” என்று வைத்துவிடுவார்.