சிரிலின் ஆம்பும் என் இடுப்பும்

மர்பி டவுன் சிரில் கல்யாண பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பதினெட்டு வருடமாக நான் அவனோடு டிரம்ஸ் வாசிக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் நான் செய்தது, அவனுடைய கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் டியூப் ஆம்பின் இன்னொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துப் படியேறியதுதான். முந்நூறு வாட், நாற்பது கிலோ. வாசித்து முடித்ததும் சூடு ஆறாமல் அதை அசைக்கக் கூடாதாம், உள்ளே இருக்கும் கண்ணாடி டியூப் போய்விடுமாம். அது ஆறுவதற்குள் பந்தியில் பிரியாணி தீர்ந்துவிடும். இத்தனைக்கும் எந்த மண்டபத்திலும் அவனை வால்யூமை மூன்றுக்கு மேல் வைக்க விட்டதில்லை.

போன மாதம் சிவாஜிநகரில் ஒரு ரிசப்ஷன். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் பையிலிருந்து ஒரு சின்ன ஆம்பை எடுத்து நீட்டினேன். இரண்டு கிலோதான், அதிலும் முந்நூறு வாட் என்றே போட்டிருந்தது.

“அந்த வாட்டும் இந்த வாட்டும் ஒண்ணாடா?” என்று சிரில் கத்தினான்.

“ஒண்ணோ ரெண்டோ, இனிமே அந்தப் பொணத்த நான் தூக்கமாட்டேன்” என்றேன்.

வேறு வழியில்லாமல், மண்டபத்து ஸ்பீக்கரில் அதை மாட்டி வாசித்தான். பெண்ணின் அப்பா வந்து, “பேஸு சூப்பர்” என்று அவன் கையைக் குலுக்கினார். அவன் என்னை முறைத்தான். நான் முதல் பந்தியில் உட்கார்ந்து சூடான பிரியாணி தின்றேன்.

ஆனால் அன்று ஒவ்வொரு பாட்டிலும், அந்தப் பெரிய ஆம்பின் அதிர்வு இல்லாமல், என் டிரம்முக்குக் கீழே தரையே இல்லாததுபோல் இருந்தது. அதை அந்தப் பயலிடம் சாகும்வரை சொல்லமாட்டேன்.