பச்சைப் பொட்டும் சூசை அண்ணையும்

சூசை அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா தொலைபேசியில் சொன்னபோது, நான் பாரிஸ் லா சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் ஒட்டுப்பொட்டு அட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லையாம். அட்டையைப் பிடித்தபடி ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் எந்தப் பக்கம் நடந்தேன் என்று இப்போதும் தெரியாது. அந்தப் பொட்டும் அவர் சொல்லித்தான் வாங்கினேன்.

உங்களில் பலருக்கு அவர் மாதா கோயிலில் நாற்காலி அடுக்குகிற மன்னார்க்காரர். பனிக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் எங்கே காணாமல் போகிறார் என்று கேட்டால், "மலையிலை வேலை" என்பதோடு கதையை முடித்துவிடுவார். நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்குப் போகும் ஒரு கழகத்துக்குச் சறுக்குப் பலகைகளின் அடியில் மெழுகு தேய்ப்பதுதான் அந்த வேலை. பனியின் குளிரும் ஈரமும் மாற மாற மெழுகும் மாறவேண்டும். மெழுகு பிழையாகப் போனால் எந்தப் பலசாலியும் சேற்றில் நடப்பதுபோல இழுபட வேண்டியதுதான். பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் பலகை திருத்தும் பட்டறையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. வாரக் கடைசியில் கழகத்தின் வான் வண்டியில் ஜூரா மலைக்கு ஒன்றாகப் போவோம்.

அதற்கு முன் அவர் பத்து வருடம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டவர். மெழுகை உருக்கித் தேய்ப்பதும் ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டியால்தான். ஓரிடத்தில் அரை நொடி கூட நின்றால் பலகையின் அடி கருகிவிடும். அவர் கையில் அது நின்றதை நான் கண்டதே இல்லை. பெரிய கழகங்களின் ஆட்கள் ஏதோ இரவல் கேட்கிற சாட்டில் மலையில் நாங்கள் மெழுகு தேய்க்கும் கூடாரத்துக்குள் வந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். என் கையை ஒருவரும் பார்ப்பதில்லையே!

பொட்டு அவருடைய கண்டுபிடிப்பு. ஒரே மாதிரியான ஆறு பலகைகளில் ஆறு மெழுகைப் பூசி, ஒரே சரிவில் சறுக்கவிட்டு, எது கூடத் தூரம் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. எதில் எந்த மெழுகு என்பது சறுக்குகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதில் அவர் ஒரே பிடி. "விலை தெரிஞ்சால் கால் பொய் சொல்லும்" என்பார். அதனால் நான் ஒவ்வொரு பலகையின் நுனியிலும் ஒரு நிறத்தில் ஒட்டுப்பொட்டு ஒட்டி, எந்த நிறம் எந்த மெழுகு என்று ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். அவர் நிறத்தை மட்டும் சொல்வார். கடைக்காரப் பெண்கள் "ஆருக்கண்ணை இவ்வளவு பொட்டு?" என்று சிரிப்பார்கள். மலையிலை ஆறு பேர் இருக்கினம் என்பேன்.

ஆரணி என்ற பிள்ளை பாரிசின் புறநகரான ஸ்தேனில் பிறந்தவள். எங்கள் கழகத்தில் ஓடிய ஒரே தமிழ்ப் பிள்ளை. ஒரு போட்டியில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் பிராந்திய அணியில் இடம் என்ற நிலை. வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அன்று ஈரப்பனி. சோதனைக்கு நடுவில் இரண்டு பொட்டுகள் கழன்று கூடாரத் தரையில் கிடந்தன. பச்சையும் கறுப்பும். எனக்குத் தெரியாததா என்று எடுத்து ஒட்டினேன். அண்ணை சறுக்கிவிட்டு வந்து "பச்சை" என்றார். துண்டைப் பார்த்து மெழுகின் பெயரைச் சொன்னேன். அவளுடைய பலகையில் பூசத் தொடங்கினோம்.

பாதி பூசியபோதுதான் கண்ணில் பட்டது. பச்சைப் பொட்டுப் பலகையின் வால் பக்கம் ஒரு கீறல். கீறல் பலகைக்குக் காலையில் ஒட்டியது கறுப்பு அல்லவா? சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன், அதையும் இங்கே மறைக்கவில்லை. பிறகு வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை, பொட்டை மாத்தி ஒட்டிப்போட்டன் போலை கிடக்கு."

அவர் என்னை ஏசவில்லை. "கீறல் கறுப்பெண்டது ஞாபகம்தானே? ஞாபகத்தை நம்பேலாது. ரெண்டு மெழுகையும் புதுசாப் பூசித் திரும்பச் சறுக்கிப் பாப்பம்" என்று, நோகிற முழங்காலோடு அந்தச் சரிவில் மூன்று தரம் இறங்கினார். என் பயம் சரிதான், கூடத் தூரம் போனது துண்டில் கறுப்பு என்று எழுதியிருந்த மெழுகு. பூசியதைச் சுரண்டி எடுத்து, ஆளுக்கொரு பலகையாக மற்ற மெழுகைத் தேய்த்தோம். அது ஆறி இறுக நேரம் போதவில்லை.

ஆரணி ஏழாவதாக வந்தாள்.

பயிற்றுநர் என்ன நடந்தது என்று கேட்டபோது, பனி திடீரென்று மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் சொல்கிற சாட்டு, எல்லாரும் நம்புவார்கள். அண்ணை என் கையைப் பிடித்தார். "பனியிலை பழி போடாதை." பிறகு மூச்சு வாங்க நின்ற ஆரணியிடம் போய்ச் சொன்னார்: "பிள்ளை, பனியும் சரி, உன்ரை காலும் சரி. பிழை எங்கடை கூடாரத்திலை."

அவள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பனிக்காலம் முழுவதும் எங்களிடம் வரவே இல்லை. அடுத்த பனிக்காலம் பெரியவர்கள் பிரிவில் ஓட வந்தவள், பலகையை அண்ணையின் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். ஏன் திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. பிழை யாருடையது என்று அவளும் என்னிடம் கேட்கவில்லை. அண்ணை "எங்கடை" என்று சொல்லி என்னை மூடிவிட்டார், அது அப்படியே மூடிக் கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் ஆரணி நின்று அழுதுகொண்டிருந்தாள். அதுவரை சொல்லாததை அன்றுதான் அவளிடம் சொன்னேன். பொட்டை மாற்றி ஒட்டியது நான் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "தெரியும் மாமா. ஆர் பிழை விட்டதெண்டு அந்தப் பனிக்காலம் முடிய அவரிட்டைப் போய்க் கேட்டனான், அவர் சொன்னவர். ஒருத்தரும் காண முந்தி நீங்களே வந்து சொன்னனீங்கள் எண்டும் சொன்னவர். அதாலைதான் திரும்பி வந்தனான்."

அவர் என்னை மறைக்கவே இல்லை. என் பிழையையும் அதை நான் ஒத்துக்கொண்டதையும் சேர்த்து அவளிடம் கொடுத்திருக்கிறார். என் கையைப் பார்க்க ஒருவரும் இல்லை என்று பொருமிக்கொண்டிருந்தேனே, பக்கத்து மேசையில் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவருடைய இஸ்திரிப்பெட்டியை மெற்றில்டா அக்கா என்னிடம் தந்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை ஆரணிக்குப் போட்டி. பொட்டு ஒட்டுவது நான், சறுக்கிப் பார்ப்பது அவள். ஒட்டியது சரிதானா என்று அவள் என்னிடம் கேட்கப்போவதில்லை.