நுரை நிற்க வேண்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தலைப்பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தான். ஒரு சாண் உடம்பு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு குழி விழுந்தது, விடும்போது முனகல் வந்தது. பெற்ற களைப்பில் கிடந்த எனக்கு அந்த முனகல் மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டொக்டர் மெல்லிய குழாய் விட்டு, அவன் வயிற்றுக்குள் கிடந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்தார். கருப்பைக்குள் அவன் விழுங்கிய தண்ணீர். அதைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட்டுக் கலந்து, வாயை விரலால் அடைத்துக் குலுகுலுவென்று குலுக்கினார்.

துணைக்கு நின்ற என் கூடப்பிறந்த ராத்தா பதறிவிட்டாள். "எண்ட றப்பே! பச்சப் புள்ளைக்குச் சாராயமா குடுக்கப் போறீங்க டொக்டர்? ஹறாமெல்லுவா?"

"பிள்ளைக்கு இல்லையம்மா, சோதனைக்கு," என்ற டொக்டர் என் பக்கம் திரும்பினார். "வெறும் தண்ணியைக் குலுக்கினா நுரை நிக்குமா?"

"நிக்காது. சவுக்காரம் வேணும்," என்றேன். கடலோரத்து உப்புக் கிணற்றில் உடுப்புக் கழுவிக் கைதேய்ந்த எனக்கா தெரியாது?

தண்ணீர் தன்னைத்தானே இறுக்கி இழுக்கும், குமிழி உடைந்துபோகும். சவுக்காரம் குமிழியின் தோலில் படிந்து அந்த இழுவையைத் தளர்த்தும். தோல் மெலிகிற இடத்துக்கு ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளும். நுரையீரலுக்குள்ளும் பொடிப்பொடியாகக் காற்றறைகள், அவற்றுக்குள் ஈரம். சவுக்காரம் போன்ற ஒரு பசை அங்கே ஊறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு விட்டதும் அறைகள் ஒட்டிக்கொள்ளும். பசை ஊறியிருந்தால் அது கருப்பைத் தண்ணீரிலும் கலந்து, அவன் விழுங்கியதிலும் இருக்கும். மற்ற நுரையை ஸ்பிரிட்டு அழித்துவிடும், அந்தப் பசையின் நுரை மட்டும் நிற்கும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கால்மணி நேரம் கழித்து வந்து பார்ப்பதாகக் குழாயை ஜன்னலோரம் நிறுத்தி வைத்துப் போனார் டொக்டர்.

குழாயின் விளிம்பில் நுரை வெள்ளை வளையமாக நின்றது. கண்வெட்டாமல் பார்த்துக் கிடந்தேன். ஒரு குமிழி போனது. பக்கத்தில் இன்னொன்று. வளையம் ஓரிடத்தில் அறுந்தது. நாசமாய்ப்போன நுரை, கொஞ்சம் நின்றால்தான் என்ன?

ராத்தா ஓதிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் முழங்கை வெடுவெடுவென்று ஆடியது. குழாயைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"இஞ்ச பாருகா தங்கச்சி, நுரை நிக்குது! அல்ஹம்துலில்லாஹ்!"

முழங்கை ஆடியதை நான் கண்டுவிட்டேன். கண்டும் நம்பினேன். விறாந்தையில் நின்ற பிள்ளையின் வாப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். ஏழாம் நாள் வைக்க வேண்டிய பெயரை அப்போதே வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

டொக்டர் வந்தபோது குழாயில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பசையை வெளியிலிருந்து கொடுக்கிற மருந்து அந்தக் காலத்தில் எங்கள் கைக்கு எட்டவில்லை. பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன்னமே பிள்ளை மௌத்தாகிவிட்டான். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டு, அவன் வாப்பா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மையவாடிக்குப் போனார்.

ராத்தா பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவளே வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நாந்தான் குலுக்கினன் தங்கச்சி. ஒண்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு."

"நான் கண்டனான் ராத்தா," என்றேன். "ஏன்கா இன்னொருக்காக் குலுக்கல்ல?"