முதல் வரியில் ஒரு சிலுவை

நான் செத்துப்போனவள் என்பது எனக்கு ஐந்தாம் மாதத்தில்தான் தெரிந்தது. அப்போது வயிற்றில் பிள்ளை ஐந்து மாதம். சொன்னவர் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு பார்க்கும் அண்ணாச்சி. டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நான் அவரிடம் போனது மருத்துவ அட்டைக்காக. கணவர் கனடாவில் வேலை கிடைத்து நான்கு மாதம் முன்னால் போயிருந்தார். எனக்கு விசா வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. நாங்கள் இருக்கப்போகும் மாகாணத்தில், புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு அரசு மருத்துவ அட்டை செல்லுபடியாக மூன்று மாதம் ஆகுமாம். தனியார் காப்பீட்டுக்காரர்களோ, ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் பிள்ளையை நோய்க் கணக்கில் சேர்த்துக் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே ஆறாம் மாதத்துக்குள் நான் போய் இறங்கியாக வேண்டும். இறங்கினால் அட்டையோடு பிரசவம். பிந்தினால் செலவு எவ்வளவு ஆகும் என்பதைக் கணவர் போனில் சொல்லவே பயந்தார்.

அட்டைக்கு அவர் அனுப்பிய பட்டியலில் பிறப்புச் சான்று இருந்தது. பெயரோடு இருக்க வேண்டும். என்னுடையது அந்தக் காலத்துத் தாள். பெண் குழந்தை, தகப்பன் பெயர், தாய் பெயர், ஜனவரி மாதத் தேதி ஒன்று. என் பெயர் அதில் கிடையாது. பெயரைச் சேர்க்க ஞானஸ்நானச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள்.

அண்ணாச்சி தடித்த பதிவேட்டை எடுத்துப் போட்டு, "தேதி சொல்லு தாயி" என்றார். சொன்னேன். அவர் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார்.

"இது நீதானா?"

"என் பேரு, எங்கப்பா பேரு, எங்கம்மா பேரு. வேற யாரா இருக்கும்?" வெயிலில் நடந்து வந்த எரிச்சல் எனக்கு.

"ஓரத்துல சிலுவ போட்டிருக்கே தாயி."

"போட்டா?"

"அடக்கம் பண்ணியாச்சுன்னு அர்த்தம்."

எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு இடதுபக்கம் நீல மையில் சின்னச் சிலுவை. அதன் கீழே அடுத்த வருடத்து ஜூலைத் தேதி. அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் முதல்முறையாக ஏதோ புரண்டது. வாயு என்று நினைத்து, காலையில் தின்ற மொச்சையைத் திட்டிக்கொண்டேன்.

அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் இன்னொரு வரியைக் கண்டுபிடித்தார். அதே பெயர், அதே தகப்பன், அதே தாய். பிறந்த தேதி மட்டும் இரண்டு வருடம் தள்ளி, பிப்ரவரியில். பிறந்த இடம் கீழவைப்பார், அம்மாவின் ஊர். அந்த வரியின் ஓரத்தில் ஒன்றும் இல்லை.

"மூத்தவ போயிருப்பா. அடுத்து வந்ததுக்கும் அதே பேர வச்சிருப்பாவ. இந்தத் தெருவுல அது வழக்கந்தான்" என்றார். "மாதாவுக்கு நேந்துக்கிட்ட பேருன்னா விடமாட்டாவ. பிள்ள போனாலும் நேர்ச்ச நிக்கும்லா."

இரண்டாவது பிரசவத்தை யாரும் அரசாங்கத்தில் பதியவில்லை. எனக்கு ஐந்து வயதாகி, பள்ளிக்கூடத்தில் சான்று கேட்டபோது, அப்பா வீட்டிலிருந்த தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். பெயர் இல்லாத தாள்தானே, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதிலிருந்து பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், திருமணப் பதிவு, விசா எல்லாம் அந்த ஜனவரித் தேதியில் வரிசையாக வந்துவிட்டன. அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் ஒரு கலவரம் நடந்திருக்கும்.

"எந்த வரிய எழுதட்டும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

இரண்டாவது வரியை எழுதினால் அது உண்மையான நான். ஆனால் பாஸ்போர்ட்டோடு ஒட்டாது. எல்லாவற்றையும் திருத்த எத்தனை மாதம் ஆகுமோ, என் வயிறு அதற்கெல்லாம் காத்திருக்கப் போவதில்லை. "மொத வரிய" என்றேன்.

பொய் எழுத மாட்டேன் என்றார் அவர். பிறகு அச்சடித்த படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தார். பெயர், பெற்றோர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, ஞானப்பெற்றோர். "இருக்கத இருக்கபடி எழுதுதேன். சிலுவைக்கு இதுல எடம் இல்ல" என்றார். அப்படித்தான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாத சான்று என் கைக்கு வந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். என் பிறந்தநாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுச் சட்டை போட்டுவிட்டு, கேக் வெட்டுவதற்கு முன்னால் அம்மா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவாள். மதிலோரம் பெயரில்லாத ஒரு சின்ன மேடு. மெழுகுதிரி கொளுத்தி என்னை முழங்காலில் நிற்க வைப்பாள். யாரென்று கேட்டால், "சும்மா கும்புடு" என்பாள். எல்லாப் பிள்ளைகளும் பிறந்தநாளுக்குக் கல்லறைக்குப் போவார்கள் என்றுதான் பத்து வயதுவரை நினைத்திருந்தேன். என் பிறந்தநாளுக்கு நானே என் மேட்டின் முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று. அம்மா என்னை எப்போதும் இரண்டு தடவை கூப்பிடுவாள். ஒருமுறை பெயரைச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சொல்லி. முதல் குரலுக்கே நான் ஏன் என்று பதில் கொடுத்துவிட்டாலும் இரண்டாவது குரல் வராமல் இருக்காது. அது அவள் பழக்கம் என்று விட்டிருந்தேன்.

அம்மா பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சான்றை அவள் முன்னால் நீட்டினேன். படித்தாள். கை நிற்கவில்லை.

"ஏளா, எதுக்கு இப்ப அதையெல்லாம் கிண்டுத?"

"நானா கிண்டுதேன்? முப்பத்திமூணு வருசமா வேற ஒருத்தி தேதியில என்னய வளத்திருக்கிய. ஒரு வார்த்த சொன்னியளா?"

"ஒரே பேருதான ரெண்டு பேருக்கும். அவ பேரு, அவ தேதி. இல்லாதவளுக்கு அது எதுக்கு? உனக்கு ஆச்சு." ஒரு இறாலை உரித்துப் போட்டாள். "அவள அடக்கம் பண்ணுத அன்னைக்கு நீ மூணு மாசம் வயித்துல. மாசமா இருக்கவ கல்லறைக்கு வரக்கூடாதுன்னு எல்லாரும் பிடிச்சு நிறுத்துனாவ. நான் போனேன். நீயும்தான் வந்த."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்தப் பேச்சுக்குப் பிறகு வீட்டில் என் பெயர் காதில் விழும்போதெல்லாம் ஒரு கணம் காத்திருந்தேன், வேறு யாராவது ஏன் என்று கேட்கிறார்களா என்று. கேட்கவில்லை. ஆனால் காத்திருக்காமலும் இருக்க முடியவில்லை.

அக்கா எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். காய்ச்சல் என்றாள்.

பிறப்புச் சான்றில் பெயர் ஏறியது, டிக்கெட் போட்டாயிற்று. விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அங்கே பிரசவம் பார்க்கப்போகும் கிளினிக்கிலிருந்து ஒரு படிவம் வந்தது. வந்து இறங்குமுன் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். எனக்கு என்னென்ன நோய், என் அம்மாவுக்கு என்னென்ன நோய் என்று போய்க்கொண்டிருந்த கேள்விகளின் நடுவே ஒன்று: உடன்பிறந்தவர்களில் குழந்தைப் பருவத்தில் இறந்தவர் உண்டா? உண்டென்றால் காரணம் என்ன?

சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "இல்லன்னு எழுது" என்றாள். "எழுதுனன்னா தோண்டித் துருவுவாவ. நீ யாருன்னு கேப்பாவ. அட்டையும் கெடையாது ஒண்ணும் கெடையாதுன்னு திருப்பி அனுப்பிருவாவ."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். நான் ஒரே பிள்ளை, அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். என் குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டா என்பது அந்தக் கேள்வி. அதையும் தமிழில் சொன்னேன்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது.

"பாலு குடிக்கையில நீலம் பாஞ்சிரும்" என்றாள். "ஒதடு, நகமெல்லாம். ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்கும். நெஞ்சுல ஓட்டன்னு டாக்டர் சொன்னாரு. காய்ச்சல் இல்ல, மக்கா. காய்ச்சல் இல்ல."

அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஐந்து மாதமாக இந்த வயிற்றில் கை வைத்து ஜெபம் பண்ணுகிறவள், இதை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தாள். கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கே எடுத்த ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். இதயத்தைத் தனியாகப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இனி அதற்கு நாளும் இல்லை.

இல்லை என்ற குறியை அழித்துவிட்டு எழுதினேன். ஒரு அக்கா, ஒன்றரை வயதில் இறந்தாள், இதயத்தில் ஓட்டை. அவள் தேதியில்தான் நான் வருகிறேன் என்று எழுத அதில் இடம் இல்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவது, பிறகு நடப்பது நடக்கட்டும் என்று அனுப்பினேன்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அங்கே போன பிறகு ஒவ்வொரு மேசையிலும் பெயரையும் பிறந்த தேதியையும் வாயால் சொல்லச் சொன்னார்கள். ஆள் மாறிவிடக் கூடாதாம். நான் அந்த ஜனவரித் தேதியைச் சொல்வேன், ஆள் சரிதான் என்று தலையாட்டுவார்கள். முப்பத்தைந்து வயது என்பதால் எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை அதிகம். அக்காவின் வயதுக்கு என் கையில் ஊசி. சிரிப்பும் வந்தது, சிரித்து முடித்ததும் அறையில் இன்னொருத்தி இருப்பது மாதிரியும் இருந்தது.

இதயத்துக்கான பெரிய ஸ்கேனை அட்டை செல்லுபடியாகும் முதல் நாளுக்குக் குறித்தார்கள். அதுவரை சாதாரணப் பரிசோதனைகள்தான். ஓட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், பிறந்த உடனே அறுவை என்றும் சொல்லிவைத்தார்கள். பத்து வாரத்துக்கு மேல் காத்திருந்தோம். கணவர் கூகுளில் படித்துப் படித்து இளைத்தார். நான் பிள்ளை அசையாத நேரமெல்லாம் அதன் உதடு என்ன நிறம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அட்டை தபாலில் வந்தது. என் பெயர், அவள் தேதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் விட்டுக்கொடு, உன் தங்கச்சி பிள்ளைக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். கணவர் யாரிடம் பேசுகிறாய் என்றார்.

ஸ்கேன் எடுத்த பெண் கருவியை ஒரே இடத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிறகு டாக்டர் வந்து உட்கார்ந்து, அவரும் கருவியை வாங்கிப் பார்த்தார். இருட்டறையில் அந்தத் திரை மட்டும்தான் வெளிச்சம். அதன் உச்சியில் என் பெயரும், நீலம் பாய்ந்து செத்த குழந்தையின் தேதியும். அந்தத் தேதிக்குக் கீழே ஓர் இதயம் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரில் யாருடைய பிள்ளை இது என்று எனக்கு ஒரு கணம் உண்மையிலேயே தெரியவில்லை.

நான்கு அறைகளும் சரியாக இருக்கின்றன, ஓட்டை எதுவும் இல்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்து பனி கொட்டிக்கிடந்த வாசலில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். தூத்துக்குடியில் இரவுச் சாப்பாட்டு நேரம்.

"நெஞ்சு நல்லா இருக்காம்மா. ஓட்ட இல்லயாம்."

"நல்லாப் பாத்தாவளா?"

"நல்லாப் பாத்தாவ. பொம்பளப் பிள்ளன்னும் சொல்லிட்டாவ."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"மக்கா" என்றாள். "அந்தப் பேர மட்டும் வச்சிராத."

மாதாவுக்கு நேர்ந்த பெயர் என்று இரண்டு பிள்ளைகளுக்கு அதைச் சூட்டியவள் சொல்கிறாள். வைக்கமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அம்மா அழுது நான் கேட்டது அதுதான் முதல்முறை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கும்வரை பனியில் நின்றேன்.