ஏறுட்டி, நான் கொண்டு விடுதேன்

விஜயஸ்ரீக்கு வயது முப்பத்தொன்று. டவுணில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் போட்டோவில் தலை வெட்டி ஒட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. வழுக்கை மாமாவுக்கு முடி வைப்பாள், கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைப் பட்டு வேட்டியோடு வரிசையில் நிறுத்துவாள். பக்கத்து சீட்டில் பில் போடுகிறவள் நான், கலைச்செல்வி. மூன்று வருஷமாக அவளுடைய வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காது கொடுப்பதும் நான்தான். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

எரிச்சல் எல்லாம் ஒரே ஆளைச் சுற்றித்தான். ரீபா, அவளுடைய கல்லூரித் தோழி. டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவருக்கும் வீடு பாளையங்கோட்டை. எட்டு வருஷமாகத் தினமும் காலையில் ரீபாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத்தான் விஜயஸ்ரீ கடைக்கு வருவாள். போன ஜூனில் இஷ்ரத் என்று ஒரு புது டீச்சர் சேர்ந்தாள். ரீபாவுக்கு அடுத்த தெருவிலேயே வாடகைக்கு வந்தாள். அவளிடமும் ஸ்கூட்டர் இருந்தது. அவ்வளவுதான், ரீபா அந்த ஸ்கூட்டருக்கு மாறிவிட்டாள்.

"ஒரே பள்ளிக்கூடம், ஒரே நேரம். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு கேக்கா, கலை. எட்டு வருஷமா நான் அலைச்சல்னு சொன்னேனா?" என்று மவுசைப் போட்டு இடிப்பாள். என்னைக் கலை என்பாள், கோபம் வந்தால் கலைச்செல்வி. ரீபா மட்டும்தான் 'ட்டி'. டீச்சர் ஆனபிறகு ஊரே ரீபாவை 'மிஸ்' ஆக்கிவிட்டது, வீட்டில் 'பாப்பா'. அவளை ஏட்டி, வாட்டி என்று கூப்பிட விஜயஸ்ரீ ஒருத்திதான் மிச்சம்.

ரீபாவின் பிறந்தநாளுக்கு இஷ்ரத் கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறாள் என்று எப்படியோ காதில் விழுந்தது. அன்றைக்கே விஜயஸ்ரீ முடிவு கட்டினாள். கடையில் வாங்குவதை எவளும் வாங்குவாள், தான் கொடுப்பது உலகத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். போனில் விளையாடுகிற கேம், அதுவும் ரீபாவுக்கென்றே செய்தது.

இருபது நாள் மதியச் சாப்பாட்டை மறந்து அதைச் செய்தாள். வழியெல்லாம் இவளே எடுத்த போட்டோக்கள்: பாளை மார்க்கெட், வண்ணார்பேட்டை, ஆற்றுப்பாலம், கடைசியில் டவுண் ஆர்ச். ஒரு ஸ்கூட்டர், முன்னால் விஜயஸ்ரீ, பின்னால் ரீபா. குழி, எருமை, டவுண் பஸ் எல்லாவற்றையும் விலக்கிப் போக வேண்டும். நடுநடுவே ஹெல்மெட்டால் முகம் மூடிய ஒருத்தி இன்னொரு ஸ்கூட்டரில் குறுக்கே வருவாள். அவள் உரசினால் ரீபா அந்த வண்டிக்குத் தாவிவிடுவாள். ஆட்டம் முடிந்தது.

"இது இஷ்ரத்துதானே?" என்றேன்.

"முகமே இல்லியே, யாரு கண்டா?" என்றாள். இஷ்ரத்தின் ஹெல்மெட் ரோஸ் கலர். அகப்பட்டுக்கொள்ளக் கூடாதென்று கறுப்பு பூசியிருந்தாள். கெட்டிக்காரிதான்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து மதியம் ரீபா வீட்டில் பிரியாணி. நானும் போயிருந்தேன். இஷ்ரத் கொடுத்த கடிகாரம் ரீபா கையில் ஏற்கெனவே ஏறியிருந்தது. விஜயஸ்ரீ அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். கேமைத் திறந்ததும் வீடே கூடிவிட்டது. மார்க்கெட் வந்தபோது ரீபா சிறுபிள்ளை போலக் கத்தினாள். வண்ணார்பேட்டையில் கறுப்பு ஹெல்மெட் குறுக்கே வந்தது. அதன் தலைக்கு மேல் எழுத்து விரிந்தது: "ஏறுட்டி, நான் கொண்டு விடுதேன்!"

இஷ்ரத் சத்தமாக வாசித்துவிட்டுக் கைதட்டினாள். "டீச்சர், இது விஜயா அக்காதான்! உங்கள 'ட்டி'ன்னு வேற யாரு கூப்பிடுதா? ஹெல்மெட்டும் அக்கா போடுத அதே கறுப்புதான். ஆனா அக்கா எதுக்கு ரெண்டு வண்டிலயும் இருக்காங்க?"

யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டது. இருபது நாளில் எனக்கும் அது உறைக்கவில்லை. இஷ்ரத் ரீபாவை 'டீச்சர்' தவிர வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை. ரீபாவைக் கூப்பிட விஜயஸ்ரீக்கோ வேறு வார்த்தை தெரியாது. விரோதி வாயிலும் தன் வார்த்தையையே வைத்துவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ரீபா மட்டும் ஸ்கூட்டரை உற்றுப் பார்த்தாள். "இதுலயும் நான் பின்னாலதானாட்டி?"

"நீ எப்பவும் அங்கனதான இருப்ப?"

"எட்டு வருஷமா ஓட்டப் படிச்சுத் தான்னு கேட்டேன். விழுந்துருவ, விழுந்துருவன்னே சொன்ன. இஷ்ரத்துதான் தினமும் காலைல படிச்சுத் தாரா. அவ பின்னால இருப்பா, நான் ஓட்டுவேன். எல்.எல்.ஆர். எடுத்தாச்சு. உன்ட்ட சொன்னா வையுவன்னுதான் சொல்லல."

விஜயஸ்ரீ முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பொய் எதற்கு?

ரீபா எழுந்து விஜயஸ்ரீயின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஏறுட்டி, நான் கொண்டு விடுதேன்."

தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட குழிகள் வழியெங்கும் கிடந்தன. ரீபா பைய பிரேக் பிடித்து ஒவ்வொன்றாக விலக்கினாள். பின்னால் விஜயஸ்ரீ, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"எப்படி ஓட்டுதாங்க அக்கா?" என்று இஷ்ரத் ஆசையாகக் கேட்டாள்.

"நல்லா ஓட்டுதா," என்றாள் விஜயஸ்ரீ.

என்னை டவுணில் என் வீட்டில் விடக் கிளம்பினாள், அவள் வண்டியில் பின்னால் நான். ஆற்றுப்பாலத்தின் நடுவில் ஓரங்கட்டி நிறுத்தினாள். அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பாவி, ஒரு குழில கூட விழலட்டி," என்றாள்.

மூன்று வருஷத்தில் என்னை ட்டி என்றது அதுதான் முதல் தடவை. அதுவும் ரீபாவுக்காக அழுதுகொண்டே.