மேடையை இழுத்த கதை

யுத்த காலத்தில் எங்கள் உடப்புக் கரையில் ஒரு மியூசிக்கல் ஷோ வைப்பதென்றால் முதலில் நேவிக் காம்பில் போய்க் கேட்க வேண்டும். அந்த முறை ஒன்பது மணிக்குள் முடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். அதனால் சூரியன் தண்ணீரில் இறங்கும்போதே ட்ரம்ஸ் சத்தம் தொடங்கிவிட்டது.

மேடை என்பது ஒரு ட்ரெக்டர் பெட்டிதான். கடற்கரைக்கு இறங்கும், சரளைக்கல் போட்ட கிறவல் பாதையில், கடலுக்கு முதுகு காட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். புதிதாகப் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் அன்றைக்கு மைக். அவர்களில் ஒருவரைத் தன்னுடைய குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சிலாபத்து பேண்ட் தலைவர் சொல்லியிருந்தார். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் என்னோடு கயிறு பிடிக்கும் மச்சான் எப்படியோ கண்டுபிடித்து, என் பெயரையும் கொடுத்துவிட்டான்.

எனக்கு முகங்களைக் கண்டால் தொண்டை அடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வியர்க்கும். ஐந்தாம் வகுப்போடு வலைக்குப் போனபோது அந்தத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். வலையில் நான் அம்பா பாடுகிறவன். அம்பா என்பது கயிறு இழுக்கும்போது பாடும் பாட்டு. ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று கூடிப் பாடி இழுப்பார்கள். எல்லாரும் கயிற்றைத் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி இழுப்பார்கள். பாடுகிற நான் கடைசி ஆளாகத் தண்ணீர் ஓரத்தில் நிற்பேன். எனக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். முதுகுகளுக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் பாடுவேன்.

பாட்டுகளுக்கு நடுவே பாட்டுப் போடுவதற்குப் பாலாவியிலிருந்து ஒரு முஸ்லிம் பொடியன் வந்திருந்தான். தன்னை டீஜே என்று சொன்னான். டீஜே என்றால் யார் என்று ஊருக்குத் தெரியாது. அரை மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. பாட்டுப் போடுவான், ஆனால் ஒரு பாட்டையும் முடியவிடமாட்டான்.

“தம்பி, அந்தப் பாட்டுக்கு என்ன நடந்த?” என்று மீன் விற்கும் சித்தி பாயில் இருந்தபடி கேட்டாள்.

“அது போயிட்டு சாச்சி, இப்ப மத்தப் பாட்டு!”

அவனிடம் ஒரு எக்கோ பட்டனும் இருந்தது. அதை அமுக்கினால் ஒருவன் இருமினாலும் பத்துப் பேர் இருமுவார்கள்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். மச்சான் பின்னாலிருந்து தள்ள, பெட்டியில் ஏறினேன். எதிரே ஊர் முழுவதும் முகங்கள். முன்வரிசைக் கதிரையில் எங்கள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, பெரிய மீசையோடு. பக்கத்தில் இரண்டு நேவிக்காரர்கள். பேண்ட் வாசித்தது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்கள். திரும்பவும் ஒன்றும் வரவில்லை.

“நானா, மைக் கடிக்காது,” என்றான் டீஜே, என்னை அண்ணனாக்கி.

“டேய், பொம்பிளை பார்க்க வந்தவன் மாதிரி நிக்காத, பாடுடா!” இது சித்தி.

பேண்ட் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. என்னுடைய ஆசை அந்தப் பெட்டியிலேயே முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மச்சான் வலை வைக்கும் குடிசையான வாடியை நோக்கி ஓடினான். திரும்பி வரும்போது தோளில் வலைக்கயிறு. ஒரு முனையைப் பெட்டியின் கொழுக்கியில் கட்டி, நடுக்கயிற்றை என் கையில் திணித்தான்.

“பிடி. வலை கிடக்குதெண்டு நினை. பாடு!”

மிச்சக் கயிற்றைச் சனத்துக்குள் எறிந்தான். கயிற்றைக் கண்டால் எங்கள் ஊர்க் கைகள் சும்மா இருக்காது. முதலில் நாலு பேர் எடுத்தார்கள், பிறகு எல்லாரும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் பழக்கத்தில் கயிற்றைத் தோளில் போட்டு அப்படியே திரும்பி நின்றார்கள்.

என் முன்னால் முதுகுகள்! ஊர் முழுவதும் முதுகு!

தொண்டை திறந்தது. வாய்க்கு வந்தது, தினமும் சம்மாட்டி காது கேளாத தூரத்தில் நான் பாடுகிற அடிதான்.

“சம்மாட்டி மீசை கணவாய் மீசை...”

“ஏலேலோ!”

“மனிசி கூப்பிட்டா இறால் மீசை...”

“ஏலேலோ!”

இரண்டாவது ஏலேலோவில் சக்கரத்துக் கல் தெறித்தது. மேடை புறப்பட்டது. மத்தளம் உருண்டது. ட்ரம்ஸ்காரன் ஒரு ட்ரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே குதித்தான். நேவிக்காரர் ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார், மற்றவர் சிரித்துக்கொண்டே கயிற்றில் கை வைத்தார். டீஜே தன் பாட்டுப் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அல்லாஹ்! வயர்! ஜெனரேட்டர் வயர்!” என்று கத்தினான். வயர் கழன்றது. வெளிச்சமும் போனது, மைக்கும் போனது. யாரும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. இருட்டில் சம்மாட்டியின் குரல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது. மீன் நிறைந்த வலையின் மடி கரையை நெருங்கும்போது அவர் போடும் அதே சத்தம்.

“விடாதீங்கடா! இழு! மடி வருது!”

பெட்டி அவருடைய வெறும் கதிரையில் முட்டி நின்றது. அவர் கயிற்றில் முதல் ஆளாக நின்றிருந்தார்.

வயரைச் செருகியதும் வெளிச்சம் வந்தது. பேண்ட் தலைவர் கலைந்த தலையோடு மைக்கை எடுத்து, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“மல்லி, என்ட ட்ரம்ஸ்காரன் இன்னும் மத்தளம் தேடுறான். ஆனா பாட்டு ஷோக்! எங்களோட வாறதா? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

மைக்கை என்னிடம் நீட்டினார். ஊர் முழுவதும் திரும்பி என்னையே பார்த்தது. திரும்பவும் முகங்கள். மைக்கைப் பிடித்தபடி மச்சானைப் பார்த்தேன்.

“எல்லாரும் அங்கால திரும்புங்கடா!” என்று மச்சான் கெஞ்சினான். ஒருவரும் திரும்பவில்லை. “ஏலாது, நாங்க பாக்கணும்,” என்றார் சம்மாட்டி, மீசையைத் தடவிக்கொண்டு.

அவர்கள் திரும்பாவிட்டால் நான்தான் திரும்ப வேண்டும். ஊருக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து, மைக்கில் சொன்னேன்.

“ஓம்.”

டீஜே எக்கோ பட்டனை அமுக்கிவிட்டான். ஓம், ஓம், ஓம் என்று அது கடல்மேல் போய்க்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

“அப்பாடா! மாப்பிள்ளை சம்மதிச்சிட்டார்!”